திசு கையில் கிடைத்த முதல் ஒரு மணி நேரம்: டிஎன்ஏ சோதனைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பாலிடெக்னிக்கில் இருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தம்பி, மூன்று நாள் விடாமல் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்து பார்த்துவிட்டு, முகம் வாடி என் மேசைக்கு வந்தான். "அக்கா, நானோடிராப்ல நல்லாத்தான் காட்டுது, பிசிஆர்ல மட்டும் ஒன்னுமே வரல." பெருக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் பிரைமரை மாற்றியிருந்தான், வெப்பநிலையை ஏற்றி இறக்கியிருந்தான், புது என்சைமும் திறந்திருந்தான். நான் கேட்டது ஒன்றுதான்: இந்தத் திசு எதில் கிடந்தது, எத்தனை நாள் கிடந்தது? அவனுக்குத் தெரியவில்லை. டியூபின் மேல் எழுதியிருந்ததோ எத்தனால் பட்டுக் கரைந்து வெறும் நீலக் கறையாக இருந்தது.

அவனுக்காக அன்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். டிஎன்ஏவின் தரம் பெரும்பாலும் திசு உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து டிஎன்ஏ பிரிக்கும் கிட் வாங்கினாலும் அது இருக்கும் டிஎன்ஏவைப் பிரித்துத் தருமே தவிர, உடைந்துபோனதை ஒட்டித் தராது.

இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்கியிருப்பீர்கள். உங்களுக்கு ஒரு முழம் வேண்டும். கடையில் கூடை நிறையப் பூ இருக்கிறது, ஆனால் எல்லாம் அரைச் சாண் துண்டுகளாக அறுந்து கிடக்கிறது. எடை போட்டால் கிலோக் கணக்கில் வரும், ஆனாலும் ஒரு முழம் கிடைக்காது. டிஎன்ஏவின் அளவை ஒளியால் அளக்கும் நானோடிராப் கருவி பார்ப்பது எடையை. பிசிஆருக்கு வேண்டியது அறுபடாத முழம். தம்பிக்கு நடந்தது இதுதான்.

முதலில் சோதனை எது என்று கேளுங்கள்

திசுவை எதில் போடுவது என்று யோசிப்பதற்கு முன், அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். நூறு, நூற்றைம்பது இணை (டிஎன்ஏ எழுத்துச் சோடி) நீளமுள்ள பகுதியைப் பெருக்கினால் போதுமா? அப்படியென்றால் ஃபார்மலினில் கிடந்த திசு கூடப் பல நேரம் கை கொடுக்கும். விலங்கு இனத்தை அடையாளம் காணும் வழக்கமான பார்கோடு பகுதி 658 இணை நீளம், அதற்கு எத்தனாலோ உறைநிலையோ வேண்டும். நீளமான சரங்களை ஒரே மூச்சில் வாசிக்கும் நீள்வாசிப்பு செக்குவென்சிங் என்றால் பல்லாயிரம் இணைகள் அறுபடாமல் வர வேண்டும், அதற்குப் புதிதாக எடுத்து உடனே உறையவைத்த திசுவை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் பிரதிகளாக இருக்கிறது, அதனால் கெட்ட திசுவிலும் அது மிஞ்சும். உட்கரு டிஎன்ஏவோ பெரும்பாலும் இரண்டே பிரதி.

திசுவை எடுப்பவரும் சோதனை செய்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால், எடுப்பதற்கு முந்தைய நாளே பேசிவிடுங்கள். ஐந்து நிமிடப் பேச்சு ஒரு மாத வேலையைக் காப்பாற்றும்.

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது

உடம்பில் இருந்து வெட்டி எடுத்த நொடியில், அல்லது விலங்கு இறந்த நொடியில். ரத்த ஓட்டம் நின்றதும் செல்லுக்குள் இருக்கும் நொதிகள் கட்டவிழ்ந்து அந்தச் செல்லையே கரைக்கத் தொடங்கும். அவற்றில் நியூக்ளியேஸ் என்பவை டிஎன்ஏவைத் துண்டு துண்டாக வெட்டும். கூடவே பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். மீன் வாங்கினால் நம் வீடுகளில் முதலில் குடலைத்தான் எடுப்பார்கள், அது முதலில் நாறும் என்று தெரியும். அதே கணக்குதான் இங்கேயும். குடல், கணையம், கல்லீரல், மண்ணீரல் போன்ற நொதி நிறைந்த உறுப்புகள் சீக்கிரம் கெடும், தசை கொஞ்சம் தாங்கும். ஒரே விலங்கில் இருந்து எடுப்பதாக இருந்தால் தசையை நம்புங்கள்.

சிங்கப்பூரில் பகலில் வெளியே 31, 32 டிகிரி. ஆய்வகத்துக்குள் ஏர்கான் குளிரில் வேலை செய்து பழகிய நமக்கு, டியூப் இருக்கும் இடமும் அப்படித்தான் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். களத்தில் எடுத்த மாதிரி வெயிலில் நிறுத்திய வண்டியின் பின்பெட்டியில் ஒரு மணி நேரம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் ஐரோப்பாவில் எழுதிய நெறிமுறையில் "அறை வெப்பநிலை" என்று இருப்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. புற்றுநோய் அறுவையில் எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும் என்று மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்கான வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதையே எல்லாத் திசுவுக்கும் உங்கள் சொந்த வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மணி நேரம், அதுவும் ஐஸ் மேல். திசு ஐஸைத் தொடக் கூடாது, பையில் போட்டு ஐஸ் மேல் வைக்க வேண்டும்.

ஃபார்மலின்: தவிர்க்க முடியாத பழைய வழி

மருத்துவமனைத் திசு என்றால் பெரும்பாலும் இதில்தான் வரும், ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகில் பதிந்த பிளாக்காக. 1893இல் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல்களின் தோல் இறுகியதைக் கவனித்தார், அதில் இருந்து ஆரம்பித்த பழக்கம் இது. திசுவின் உருவத்தை இவ்வளவு அழகாகக் காப்பாற்றும் பொருள் வேறு இல்லை, அதனால் திசுவை ஆராய்ந்து நோயைக் கண்டறியும் பேத்தாலஜிஸ்டுகள் அதை விடமாட்டார்கள், விடவும் கூடாது. டிஎன்ஏ பற்றி அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஃபார்மலின் டிஎன்ஏவை மூன்று விதமாகக் கெடுக்கிறது, மூன்றையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஒன்று, பிணைப்பு. ஃபார்மால்டிஹைடு புரதத்தையும் டிஎன்ஏவையும் குறுக்கே பாலம் போட்டுக் கட்டிவிடுகிறது. எண்ணெய் வைக்காத நீளமான தலைமுடி சிக்குப் பிடித்த மாதிரி. அவசரமாகச் சீப்பை இழுத்தால் முடி அறுந்துவிடும் இல்லையா, இங்கேயும் அப்படித்தான். புரோட்டீனேஸ் கே என்ற நொதியில் 56 டிகிரியில் பொறுமையாக, தேவைப்பட்டால் இரவு முழுவதும் ஊறவைத்துப் புரதத்தைக் கரைத்துவிட்டு, அப்புறம் 90 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் பாலங்கள் பெருமளவு அவிழும். சூடு அதிகமானாலும் நேரம் கூடினாலும் டிஎன்ஏவும் சேர்ந்து உடையும். கிட் கையேட்டில் போட்டிருக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள், நல்லது செய்வதாக நினைத்துக் கூட்டவும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, அறுபடுவது. பழைய ஃபார்மலின் காற்றுப் பட்டு ஃபார்மிக் அமிலமாக மாறும். அமிலம் டிஎன்ஏ எழுத்துகளான அடினினையும் குவானினையும் சரத்தில் இருந்து உதிர்த்துவிடும், உதிர்ந்த இடத்தில் சரம் அறும். இதற்கு மருந்து பிறகு கிடையாது, முன்பே தடுக்க வேண்டும்: எப்போதும் பஃபர் சேர்த்த 10 சதவீத நடுநிலை ஃபார்மலின், அதாவது ஏறக்குறைய 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. பாட்டிலில் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பயம் தருவது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. சைட்டோசின் என்ற இன்னொரு எழுத்து தன் அமினோத் தொகுதியை இழந்து யுராசிலாக மாறிவிடும். கருவி அதைத் தைமின் என்று வாசிக்கும். நோயாளியிடம் இல்லாத ஒரு மரபணு மாற்றம் அறிக்கையில் இருப்பது போலத் தோன்றும், அதுவும் டிஎன்ஏ குறைவாக உள்ள சிறிய பயாப்சியில் அது பெரிதாகத் தெரியும். ஒருவருக்கு எந்தப் புற்றுநோய் மருந்து கொடுப்பது என்பதை அந்த அறிக்கை முடிவு செய்கிறது என்பதை மறக்கக் கூடாது. யுராசில் டிஎன்ஏ கிளைகோசிலேஸ் என்ற நொதியை முன்பே சேர்த்தால் இந்த யுராசில்களை நீக்கிவிடலாம். ஆனால் மெத்தில் ஏற்றிய சைட்டோசின் கெட்டால் நேராகத் தைமினாகவே மாறும், அதை இந்த நொதியால் பிடிக்க முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் இன்னொரு முறை தனியாகப் பிரித்தெடுத்துச் செய்து பாருங்கள். உண்மையான மாற்றம் என்றால் திரும்ப வரும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? திசுவை 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் விடாதீர்கள், ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மெதுவாகத்தான் உள்ளே போகும், பெரிய கட்டியை அப்படியே போட்டால் வெளிப்பக்கம் இறுகி நடுப்பகுதி அழுகும். திசு ஒரு பங்கு என்றால் ஃபார்மலின் குறைந்தது பத்துப் பங்கு. நேரம் 6 மணிக்குக் குறையக் கூடாது, 72 மணியைத் தாண்டக் கூடாது, டிஎன்ஏவை மட்டும் பார்த்தால் ஒரு நாளுக்குள் எடுத்துவிடுவது நல்லது. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் போட்ட திசுவைத் திங்கள் காலை 9 மணிக்கு எடுத்தால் 64 மணி நேரம், எல்லைக்குள்தான். தீபாவளி திங்கட்கிழமை வந்து செவ்வாய் காலை எடுத்தால் 88 மணி நேரம். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை, அது வார இறுதியோடு ஒட்டி வந்தால் இன்னும் மோசம். விடுமுறைப் பட்டியலைப் பார்த்துத்தான் நான் மாதிரி வாங்கும் நாளை முடிவு செய்வேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எலும்பு என்றால் இன்னொரு ஆபத்து. வெட்டுவதற்கு முன் சுண்ணாம்பை நீக்க ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் போன்ற வலுவான அமிலத்தில் ஊறவைத்திருந்தால் டிஎன்ஏவை ஏறக்குறைய மறந்துவிடலாம். சுண்ணாம்பை மெதுவாகப் பிடித்து நீக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருளில் செய்யச் சொல்லுங்கள், நாள் கூடுதலாகும், ஆனால் டிஎன்ஏ பிழைக்கும். பிக்ரிக் அமிலம் உள்ள புவான் திரவத்தில் போட்ட திசுவும் இதே கதைதான், மஞ்சளாக இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

பிளாக் வந்த பிறகு: முகப்பில் உள்ள முதல் சில சீவல்களைத் தள்ளிவிடுங்கள், காற்றுப் பட்டுக் கெட்ட பகுதி அது. ஒவ்வொரு பிளாக்குக்கும் புது பிளேடு, இல்லையென்றால் ஒருவர் டிஎன்ஏ இன்னொருவர் டியூபுக்குள் போகும். சீவி வைத்து மாதக் கணக்கில் காத்திருக்காதீர்கள், வேண்டியபோது சீவுங்கள்.

எத்தனால்: களவேலைக்கு என் முதல் தேர்வு

பூச்சி, நண்டு, மீன், நத்தை எதுவானாலும் 95 சதவீதம் அல்லது அதற்கு மேல் உள்ள எத்தனால். அது திசுவின் தண்ணீரை உறிஞ்சி, நொதிகளின் வடிவத்தைக் கெடுத்து வேலை செய்யவிடாமல் நிறுத்துகிறது. தண்ணீர்தான் எதிரி என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்: திசு பச்சைப்பயறு அளவுத் துண்டாக இருக்கட்டும், எத்தனால் பத்து மடங்கு இருக்கட்டும், திசுவில் இருந்து வந்த தண்ணீர் எத்தனாலை நீர்க்கச் செய்வதால் ஒரு நாள் கழித்து அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். டியூப் நிறையத் திசுவை அடைத்து மேலே நாலு சொட்டு எத்தனால் விட்டால் அது ஊறுகாய்கூட ஆகாது, அழுகித்தான் போகும். பெரிய வண்டுக்கு வயிற்றில் ஊசியால் ஒரு துளை போடுங்கள், ஓட்டைத் தாண்டி எத்தனால் உள்ளே போக வேண்டும்.

ஹார்ட்வேர் கடையில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டாம், அதில் மெத்தனாலும் வேறு பொருள்களும் கலந்திருக்கும். 70 சதவீதம் கை துடைக்க நல்லது, டிஎன்ஏவுக்குத் தண்ணீர் அதிகம். எத்தனால் ஆவியாகும், மூடியில் ரப்பர் வளையம் உள்ள டியூபாகப் பாருங்கள். பிரித்தெடுக்கும் முன் திசுவை நன்றாக உலரவிடுங்கள், மிச்சமிருக்கும் எத்தனால் பிசிஆரைத் தடுக்கும்.

பழைய சேகரிப்புகளோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் கால ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் விலங்கியல் தொகுப்பு இப்போது 2015இல் திறந்த லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போகாதவர்கள் ஒரு நாள் போய் வாருங்கள். உலகில் எந்த அருங்காட்சியகத்தின் பழைய பாட்டில்களாக இருந்தாலும் பலவற்றில் இருப்பது முதலில் ஃபார்மலினில் இறுக்கி, அப்புறம் எத்தனாலுக்கு மாற்றிய உடல். பார்க்க எத்தனால் மாதிரி போலத்தான் இருக்கும், டிஎன்ஏவோ ஃபார்மலின் பட்டது. எதில் இருக்கிறது என்று மட்டும் கேட்காமல், முதலில் எதில் இருந்தது என்றும் கேளுங்கள். நம் தம்பியின் டியூப் கடைசியில் அப்படிப்பட்டதுதான்.

உறையவைப்பது

தரத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. சிறு துண்டுகளாக வெட்டி, திரவ நைட்ரஜனில் போட்டு, அதாவது மைனஸ் 196 டிகிரியில், நொடியில் உறையவைத்து, மைனஸ் 80 ஃபிரீசரில் வையுங்கள். குளிர் நொதிகளைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. உருகினால் எழுந்துவிடும், பனிக்கட்டி கிழித்த செல்களில் இருந்து வெளியே வந்து முன்பை விட வேகமாக வெட்டும். ஆகவே ஒரே பெரிய துண்டை ஒவ்வொரு முறையும் உருக்கி ஓரம் வெட்டி மறுபடி உறையவைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். முதல் நாளே பத்து டியூபாகப் பிரித்துவிடுங்கள். வேலை செய்யும் நாளில் உருகும் முன்பே நேராகக் கரைசலில் போடுங்கள்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி போன்ற, பனி கட்டாத வகை ஃபிரீசர்களைப் பற்றி யாரும் புதியவர்களிடம் சொல்வதில்லை. பனி சேராமல் இருக்க அவை அவ்வப்போது உள்ளே சூடாக்கிக்கொள்கின்றன. உங்கள் திசு உங்களுக்குத் தெரியாமலே தினமும் லேசாக உருகி உறைந்துகொண்டிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு பெட்டியில் ஆறு மாதம் வைத்திருந்த மீன் திசு முழுவதையும் இழந்தேன், திரும்பக் கிடைக்காத மாதிரிகள் அவை, இன்று நினைத்தாலும் மனது வலிக்கிறது.

கொண்டுபோவதற்கு உலர்பனி, அது மைனஸ் 78.5 டிகிரி. வெறும் கையால் தொடாதீர்கள், பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டாதீர்கள், வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் வெடிக்கும். காரில் கொண்டுபோனால் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

உறைபெட்டியும் இல்லை, எத்தனாலும் விமானத்தில் ஏற்ற முடியவில்லை என்றால் கருவாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பும் உலர்வும் நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வழி. 20 சதவீத டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்), 0.25 மோலார் இடிடிஏ, கரையாமல் மிஞ்சும் அளவுக்கு உப்பு, இந்தக் கரைசல் அறை வெப்பத்திலும் மாதக் கணக்கில் டிஎன்ஏவைக் காக்கும். நியூக்ளியேஸ்கள் பலவற்றுக்கு மக்னீசியம் வேண்டும், இடிடிஏ அதைப் பிடித்துக்கொள்கிறது. இலை என்றால் சிலிக்கா ஜெல், நம் ஊர் ஈரப்பதத்தில் நிறையப் போடுங்கள். ரத்தம் என்றால் ஊதா மூடி இடிடிஏ குழாய், ஹெபாரின் உள்ள பச்சை மூடி பிசிஆரைத் தடுக்கும்.

எழுதுவது, அனுமதி வாங்குவது

டியூபுக்குள்ளேயே சிறு தாளில் பென்சிலால் எழுதிப் போடுங்கள். மார்க்கர் மை எத்தனாலில் கரையும், பென்சில் கரையாது. எழுத வேண்டியது: எது, எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு எதில் போட்டது, எப்போது மாற்றியது. சிங்கப்பூரில் பூங்கா, சதுப்புநிலம் எங்கே மாதிரி எடுத்தாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி முதலில். மனிதத் திசுவை ஆய்வுக்கு எடுப்பதற்கு 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் இருக்கிறது, கொடுப்பவரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துண்டையும் தொடாதீர்கள்.

எடுத்த டிஎன்ஏ எப்படி என்று பார்ப்பது

நானோடிராப்பில் 260க்கு 280 விகிதம் (அந்த இரண்டு நானோமீட்டர் அலைநீள ஒளியையும் உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) 1.8 அருகில் இருந்தால் புரதக் கலப்பு பெரிதாக இல்லை என்று அர்த்தம், அதைத் தவிர வேறு எதற்கும் நானோடிராப்பை நம்பாதீர்கள். ஆர்என்ஏவையும் ஒற்றைச் சரங்களையும் சேர்த்து எண்ணிவிடும். இரட்டைச் சர டிஎன்ஏவோடு ஒட்டி ஒளிரும் சாயத்தால் அளக்கும் கியூபிட் கருவியில் அளந்தால் இரட்டைச் சரம் மட்டும் வரும். ஃபார்மலின் திசுவில் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், கியூபிட் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுங்கள். மேலே ஒரே தெளிவான பட்டை என்றால் நீளமான டிஎன்ஏ, மேலிருந்து கீழ் வரை ஈஷிய மாதிரி மங்கலாக இழுத்திருந்தால் துண்டுகள். 100, 200, 400 இணை நீளத்துக்கு மூன்று பிரைமர் ஜோடி வைத்துப் பாருங்கள், எது வரைக்கும் பெருகுகிறதோ அதுதான் உங்கள் முழக்கோல். தம்பியின் மாதிரியில் 100 மட்டும் வந்தது. பார்கோடு பகுதியின் சிறு துண்டுகளைத் தனித்தனியாகப் பெருக்கிச் சேர்த்து வாசித்தான், இனம் எது என்று தெரிந்தது.

கடைசியாக, படித்ததை நம்பாமல் கண்ணால் பார்த்துவிடுங்கள். அனுமதி தேவையில்லாத மாதிரி ஒன்று சந்தையில் இருக்கிறது. காலையில் தேக்காவிலோ உங்கள் பேட்டைச் சந்தையிலோ புதிதான திலாப்பியா ஒன்று வாங்கி, ஐஸில் கொண்டுவந்து, தசையில் பச்சைப்பயறு அளவில் பன்னிரண்டு துண்டு வெட்டுங்கள். இரண்டிரண்டாக, நல்ல எத்தனாலில், மைனஸ் 80இல், உப்புக் கரைசலில், ஃபார்மலினில், வினிகரில் போடுங்கள். கடைசி இரண்டை மூடிய டியூபில் வெறுமனே மேசை மேல் வையுங்கள். ஃபார்மலின் வேலையைப் புகைக்கூண்டுக்குள், கையுறையோடு மட்டும் செய்யுங்கள், வீட்டில் ஒருபோதும் வேண்டாம். ஒரு வாரம் கழித்து ஆறையும் ஒரே நாளில், ஒரே கிட்டில் பிரித்து, பக்கத்துப் பக்கத்தில் ஜெல்லில் ஓட்டிப் படம் எடுங்கள். இரண்டாவது தொகுதியை ஒரு மாதம் கழித்துத் திறங்கள்.